சுருக்கப் பெயர் இல்லாதவள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிற்பாடு ஆளுக்கொன்று பேசுவார்கள் என்பதால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையின் தலைமை இடத்தில் என் தம்பி கிளெமென்ட். அவனுக்கு வலப்புறம் இளைய மகன் டார்சி. இடப்புறம் மூத்த மகன் ஹெட்லி. தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவள் ஹெட்லியின் மனைவி லெய்மாரா. ஜன்னலோர நாற்காலியில் நான், வினிஃப்ரெட் திரெகென்சா. கிளெமென்டுக்கு நான்கு வயது மூத்தவள். மணமாகாதவள். எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டில் பிறந்தவள். வேறு யாரும் அங்கே இல்லை. ஹெட்லியின் மகள் பிப் பள்ளிக்குப் போயிருந்தாள்.

தீயைப் பற்றி ஊரில் பலரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். மீண்டும் நான்கு வரி. எட்டு நாட்களுக்கு முன், பிப்ரவரி ஆறாம் தேதி, எங்கள் நாட்டுக் கடுங்கோடையில், பிற்பகல் மூன்று இருபதுக்கு மழையில்லாத மின்னல் ஒன்று எங்கள் பின் வயலில் விழுந்தது. அறுத்த பார்லித் தாள் எண்ணெய் ஊற்றியதுபோல் பிடித்துக்கொண்டது. வயலில் இருநூற்று நாற்பது பெட்டை ஆடுகள். பக்கத்திலேயே உழுது போட்ட வெறும் மண். நடுவில் ஒரு கேட். அது சாத்திக் கிடந்தது. ஆடுகள் அந்தக் கேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி நின்றே எரிந்தன. கேட்டின் சங்கிலியைக் கழற்றப் போன பக்கத்துப் பண்ணை ராய் நோஸ்கேயின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அவர் அடிலெய்டில் மருத்துவமனையில் கிடந்தார்.

அனல் காற்று அடிக்கும் நாளில் அந்தக் கேட் விடியற்காலையிலேயே திறந்து கிடக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அது சட்டம். அன்றைக்கு அது டார்சியின் வேலை.

தீயணைப்புப் படையின் கொட்டகை நெற்றியில் எங்கள் தாத்தாவின் பெயர் இருக்கிறது. டார்சி அந்தப் படையின் துணைக் கேப்டன். தீ அணைந்த அன்று மாலை, கரிந்த கேட்டின் முன்னால் ஊரே நிற்கும்போது கிளெமென்ட் சொன்னான், "இந்த மந்தைய எவன் தொலச்சானோ அவனுக்கு இந்த மண்ணுல இடமில்ல." யார் என்று தெரிவதற்கு முன்பே சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான். அவன் எங்கள் தந்தையின் மகன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தீயணைப்புப் படைக் கேப்டன் வாரன் வருவதாக இருந்தது. என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள. அந்தத் தாளில் காரணம் என்று எந்தப் பெயர் விழுகிறதோ அந்தப் பெயருக்குரியவர் பண்ணையை விட்டுப் போக வேண்டும்.

கிளெமென்ட் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வாஸ்ஸா ரெண்டு மணிக்கு வர்றான். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். டார்ஸ், நீ சொல்லு."

"ரெண்டு மணிக்கு வயர்லெஸ்ல கூப்ட்டேன்," என்றான் டார்சி. "பம்ப் ரிப்பேர்ல மாட்டிக்கிட்டேன், நீ போய் கேட்டத் தெறந்து விடுன்னு சொன்னேன். சரின்னா. அவளுக்குப் புரியல போல."

அவன் லெய்மாராவைப் பார்க்கவில்லை. ஸ்கோனில் ஜாம் தடவிக்கொண்டே சொன்னான்.

லெய்மாரா தேநீர்க் குடுவையை மேசைமேல் வைத்தாள். "மாமா, டார்சி என்னை அழைக்கவில்லை. நான்தான் டார்சியை அழைத்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு."

"இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு," என்று டார்சி அதே குரலில் திருப்பிச் சொன்னான். "கேட்டீங்களாப்பா. செய்தி வாசிக்கிறா."

கிளெமென்ட் சிரித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. பிற்பகல் எங்களுக்கு ஆர்வோ. பத்து மணித் தேநீர் ஸ்மோகோ. பெட்ரோல் பங்க் சர்வோ. நான்கு சொற்களை ஒன்றாகப் பிசைந்து ஒரே மூச்சில் துப்பிவிடுவோம். வாயை அதிக நேரம் திறந்தால் ஈ புகுந்துவிடும் என்பார் எங்கள் தந்தை. பெயர்களும் அப்படித்தான். கிளெமென்ட் கிளெம். டார்சி டார்ஸ். ஹெட்லி ஹெட். நான் வின். கேப்டன் வாரனை ஊரே வாஸ்ஸா என்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய முழுப் பெயர் மூன்று முறைதான் சொல்லப்படும். ஞானஸ்நானத்தில், நீதிமன்றத்தில், புதைகுழியில்.

லெய்மாரா இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம். வனுவாட்டுத் தீவுக்காரி. ஆற்றுப்பக்கத்துத் தோட்டத்தில் ஆரஞ்சு பறிக்க வந்தவளை ஹெட்லி மணந்து அழைத்து வந்தான். அவள் தகப்பனார் பள்ளி ஆசிரியர். சொல்லைப் பாதியில் விடுவது எதிரில் இருப்பவரை மதிக்காததற்கு அடையாளம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார். எனவே அவள் எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னாள். நாங்களும் அவளை முழுதாக அழைத்தோம். லெய்மாரா. அதை ஓர் அசையாக ஆக்குவது ஒன்றும் கடினமில்லை. யாரும் ஆக்கவில்லை. அவள் மகள் ஃபிலிப்பா பிறந்த அன்றே பிப் ஆகிவிட்டாள். வேலி ஓரம் கிடக்கும் நாய்க்குக்கூடச் சுருக்கப் பெயர் உண்டு.

"பரீட்சை வெச்சுப் பாத்துடலாமே," என்றான் டார்சி.

அது ஞாயிற்றுக்கிழமை விருந்தின் விளையாட்டு. ஏழு வருடமாக நடந்து வந்தது. டார்சி காலிக் கோப்பையை வாயில் கவிழ்த்துக்கொண்டு, வயர்லெஸ் கரகரப்போடு ஒரு வாக்கியத்தைக் கொட்டினான்.

"ஆர்வோலவந்துர்றேன் வண்டிலடீசலில்ல சர்வோபோய்ட்டுவர்றேன் நாயக்கட்டிப்போடு தண்ணிதொட்டிபாரு."

லெய்மாரா கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "பிற்பகலில் வந்துவிடுகிறேன். வண்டியில் டீசல் இல்லை. பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விட்டு வருகிறேன். நாயைக் கட்டிப் போடு. தண்ணீர்த் தொட்டியைப் பார்."

கிளெமென்ட் இருமல் வரும்வரை சிரித்தான். டார்சி மேசையைத் தட்டினான். "பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விட்டு," என்றான். "ராணியம்மா பேசுற மாதிரியே இருக்கு."

ஒரு சொல்கூட அவள் விடவில்லை. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"சரி, போதும்," என்றான் கிளெமென்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டார்ஸ் கூப்ட்டான். அவளுக்குப் புரியல. வெளியூர்க்காரி, பாவம். அவ்ளோதான். வாஸ்ஸா அத எழுதிக்கிட்டுப் போய்டுவான். யாரும் ஜெயிலுக்குப் போகப் போறதில்ல. ஹெட், நீயும் அவளும் இந்த மாசக் கடைசில டவுனுக்குப் போய்டுங்க. கோதுமைக் கிடங்குல உனக்கு வேல சொல்லி வெச்சிருக்கேன்."

ஹெட்லி தேநீரைப் பார்த்தபடி இருந்தான்.

"ஹெட். கேட்டுச்சா?"

"ம்."

"மாமா," என்றாள் லெய்மாரா. "பிப்புக்குப் பள்ளி இங்கே இருக்கிறது."

"பிப் எங்க புள்ள. அவ எதுக்குப் போகணும்? இங்கயே இருப்பா. லீவுக்கு உங்கிட்ட அனுப்பி வெக்கிறேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குட்டி ஆட்டை எந்தப் பட்டியில் விடுவது என்பதைச் சொல்லும் குரலில் சொன்னான். லெய்மாரா கணவனைப் பார்த்தாள். அவன் ஸ்கோன் துண்டை இரண்டாகப் பிட்டான். பிறகு நான்காகப் பிட்டான். சாப்பிடவில்லை.

"நீ என்ன சொல்ற ஹெட்?" என்று நான் கேட்டேன்.

"டன்னோ," என்றான்.

எனக்குத் தெரியாது என்பதை எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பதினொன்றரை மணி இருக்கும். சலவை அறையில் நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். லெய்மாரா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் கையில் கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. நீல அட்டை. முனைகள் மழுங்கியிருந்தன.

"வினிஃப்ரெட் அத்தை, உங்களிடம் ஒன்றைக் காட்ட வேண்டும்."

"காட்டு."

"இந்த வீட்டில் பொய் சொல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் கொண்டு வந்தேன்."

அது உண்மை. அதுவரை நான் பொய் சொன்னதில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கினேன்.

ஒவ்வொரு பக்கமும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடப்புறம் நாங்கள் சொன்னது, எங்கள் வாயில் வந்தபடியே. வலப்புறம் அதன் முழு வடிவம். தேதி, நேரம், சொன்னவர் பெயர் எல்லாம் இருந்தன. ஆசிரியர் மகளின் குண்டு எழுத்து. முதல் பக்கங்களில் பாடப் புத்தகம்போல் இருந்தது. ஆர்வோ, பிற்பகல். ஸ்மோகோ, வேலை நடுவே தேநீர். ஹௌயாகோயின், எப்படி இருக்கிறீர்கள், பதில் எதிர்பார்ப்பதில்லை.

போகப் போக வலப்புறம் நீண்டது.

ஷீல்பீரைட். எல்லாம் சரியாகிவிடும். மாமாவும் டார்சியும் சொன்னால், யாரும் எதுவும் செய்யப் போவதில்லை என்று பொருள்.

டன்னோ. எனக்குத் தெரியாது. ஹெட்லி சொன்னால், தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்று பொருள்.

நோ வொரீஸ். கவலை வேண்டாம். வினிஃப்ரெட் அத்தை சொன்னால், பேச்சு முடிந்தது, அறையை விட்டுப் போ என்று பொருள்.

இதை நான் இரண்டு முறை படித்தேன். என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டு ஒருத்தி ஏழு வருடமாக என்னை மொழிபெயர்த்திருக்கிறாள். ஒரு பிழை இல்லை.

"கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள், அத்தை."

பிப்ரவரி ஆறு. இரண்டு பத்து. பின் வயல் கேட் திறந்திருக்கிறதா, நான் போய்த் திறக்கட்டுமா என்று அவள் வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறாள். இடப்புறம் டார்சியின் பதில். "வேணாம். ஷீல்பீரைட்." கீழே சிறிய எழுத்தில், பின்னணியில் கிரிக்கெட் வர்ணனை, கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தம்.

இரண்டு நாற்பது. அவள் மறுபடி கேட்டிருக்கிறாள். டார்சி: "வாய மூடிட்டு வூட்ல கெட. எங்க கேட்டப் பத்தி எங்களுக்குத் தெரியும்."

வலப்புறத்தில் எழுதியிருந்தாள்: இதற்கு முழு வடிவம் தேவையில்லை.

தீயன்று மாலை டார்சி என் பக்கத்தில் வந்து நின்றபோது புகையையும் மீறி அவன்மேல் பீர் வாடை அடித்தது. நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இப்போது நேரம் போட்டு எழுதியே வைத்திருக்கிறாள்.

"நீ ஏன் போய்த் தொறக்கல?" என்று கேட்டேன்.

"கேட்டைத் தொடக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு. முதல் வருடம் நான் ஒரு கேட்டைத் திறந்துவிட்டதில் கிடாய்கள் பெட்டைகளோடு கலந்துவிட்டன, நினைவிருக்கிறதா? இருந்தாலும் நான் போயிருக்க வேண்டும். அதையும் கேப்டனிடம் சொல்லிவிடுவேன். என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். டார்சியின் பங்கை ஏற்க மாட்டேன்."

"இந்த நோட்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஹெட்லிக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு."

நோட்டை மூடினேன். என் தாத்தா இந்த நிலத்தின் கற்களைக் கையால் பொறுக்கினார். நூற்றுப் பதினோரு வருடம். கொட்டகை நெற்றியில் இருக்கும் பெயருக்குக் கீழே, பீர் குடித்துக்கொண்டு மந்தையைக் கொன்றவன் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டால் அதை எந்தச் சுண்ணாம்பும் மறைக்காது. அயலூர்ப் பெண்ணுக்குப் புரியவில்லை என்ற பேச்சு அப்படியல்ல. அது ஒரு மழைக்காலத்தில் கழுவிப் போய்விடும்.

"உக்காரு," என்றேன். அவள் சலவைக் கூடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஏழு வருடத்தில் அதுவே முதல் தடவை.

"இதோ பாரு, லெய்."

அவள் உடம்பு ஒரு கணம் அசைவற்று நின்றது. அந்த ஓர் அசைக்கு அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது அவளை அழைக்க வாயெடுக்கும்போதெல்லாம் அவள் முகம் நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

"நீ இந்த வீட்டுப் பொண்ணுதான், லெய். ஒரு வருசம் டவுன்ல இருங்க. கிளெம் மனசு ஆறிடும். நான் பேசறேன். பிப்ப நான் பாத்துக்கறேன். ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும், எனக்குப் புரியலன்னு. எல்லாரும் ஏற்கெனவே நம்பறதுதானே. புதுசா என்ன போயிடப் போவுது?"

அவள் கையை உருவிக்கொண்டாள். மெதுவாகத்தான் உருவினாள்.

"என் பெயர் லெய்மாரா," என்றாள். "என் தந்தையின் தாயாருடைய பெயர். அதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை."

நோட்டை வாங்கித் துணி அலமாரியில், பிப்பின் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்தாள். என் கண்ணெதிரேயே வைத்தாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

"நோ வொரீஸ்," என்றேன்.

அவள் அறையை விட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்கு அவள் கோழிக்கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்க வெளியே போனாள். கிளெமென்டும் டார்சியும் ஆட்டுக் கொட்டகையில் இருந்தார்கள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. நான் சமையலறையில் பழைய விறகு அடுப்பை மூட்டினேன். ஏப்ரல் வரை அதை யாரும் தொடுவதில்லை. கோடையில் கேஸ் அடுப்புதான். வார்ப்பிரும்பு அடுப்பு. அதன் மூடி கனமானது. என் மணிக்கட்டுகள் இப்போதெல்லாம் அதற்கு ஆவதில்லை.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வாரன் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். முப்பது வருடமாக எங்கள் பகுதியில் தீயை அணைப்பவர். மேசையில் தாளை விரித்துச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"முழுப் பேரு போடணும்," என்றார் சங்கடத்தோடு. "அலுவலகத்துல கேக்கறாங்க." பிறகு படித்தார். "கிளெமென்ட் ஆர்தர் திரெகென்சா. ஹெட்லி ஜேம்ஸ் திரெகென்சா. டார்சி எட்வின் திரெகென்சா."

அறையில் யாரோ செத்துவிட்டதுபோல் இருந்தது. கிளெமென்ட் தொண்டையைச் செருமினான். டார்சியின் காது சிவந்தது. தன் முழுப் பெயரை அவன் கடைசியாகக் கேட்டது ஞானஸ்நானத்தன்று, தாயின் மடியில் நனைந்த தலையோடு.

"லெய்மாரா திரெகென்சா," என்று வாரன் முடித்தார்.

அவள் மட்டும் அசையவில்லை. அவளுக்கு அது தினமும் கேட்கும் சத்தம்.

டார்சி சொல்ல வேண்டியதைச் சொன்னான். பம்ப், வயர்லெஸ், இரண்டு மணி. "சரின்னுதான் சொன்னா, வாஸ்ஸா. ஆனா நாம பேசறது அவளுக்குப் புடிபடாது. உனக்கே தெரியுமே. குத்தம் சொல்லல. பாவம்."

வாரன் லெய்மாராவின் பக்கம் திரும்பினார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அன்னைக்கு. டார்சி. வயர்லெஸ்ல. என்ன சொன்னான். உனக்கு. புரிஞ்சுதா?"

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அதன்பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை நான் ஏழு வருடத்தில் கேட்டதில்லை.

"எதுக்கு வாஸ்ஸா இப்டி தந்தியடிக்கறீங்க, டீயக் குடிங்க மொதல்ல, ஆறிடப் போவுது. இவன் என்னக் கூப்டவேயில்ல. நாந்தான் கூப்ட்டேன், ரெண்டு பத்துக்கு ஒருவாட்டி, ரெண்டே முக்காலுக்கு முன்னாடி ஒருவாட்டி. பப்ல ஒக்காந்து கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தான். கேட்டத் தொறக்கட்டான்னேன். வேணாம் ஷீல்பீரைட்ன்னான். ரெண்டாவது வாட்டி வாய மூடுன்னான். பம்பு கிம்பு எல்லாம் இப்ப காலைல ஸ்மோகோல கட்டுன கத. வேணும்னா அவனையே கேளுங்க, பம்புல எந்த வாஷர் போச்சுன்னு."

டார்சி பேசுவதைவிட வேகமாகப் பேசினாள். சத்தமும் இழுப்பும் சர்வோவின் வாசலில் பிறந்து வளர்ந்தவளுக்கு உரியவை. வாரனின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"என்ன வாஷர், டார்ஸ்?" என்றார் வாரன்.

"அவ சொன்னா ஆச்சா?" என்றான் டார்சி. "அவ பேச்சுக்கு எம் பேச்சு. எழுத்துல இருக்கா?"

"இருக்கு," என்றாள் அவள். "நேரத்தோட இருக்கு. இருங்க."

அவள் சலவை அறைக்குப் போகும் காலடி கேட்டது. அலமாரிக் கதவு திறந்தது. விரிப்புகள் தரையில் விழும் மெத்தென்ற ஓசை. பிறகு எதுவும் இல்லை. வாரன் எழுந்து, தேநீர்க் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நடந்தார். விறகு அடுப்பின் ஓரத்தில் கோப்பையை வைக்கப் போனவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"பிப்ரவரில விறகு அடுப்பா, வின்?"

"ரொட்டி சுட்டேன்."

அவர் மேசையைப் பார்த்தார். அதில் ரொட்டி இல்லை.

லெய்மாரா வாசலில் வந்து நின்றாள். கைகள் காலியாக இருந்தன. அவளுக்கும் அடுப்பின் சூடு அங்கிருந்தே தெரிந்திருக்கும். அந்தச் சமையலறையின் ஒவ்வொரு மூலையிலும் அவள் ஏழு வருடம் நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்தாள்.

"நோட்டு எங்க?"

"எந்த நோட்டு?" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. அதை இங்கே குறிப்பிட வேண்டும். நடுங்கியது என்று சிலர் நினைக்கக்கூடும்.

அவள் மேசையின் மறுபுறம் திரும்பினாள். "ஹெட். நீ பாத்திருக்க. நீல அட்ட. ராத்திரி நான் எழுதறப்ப பக்கத்துலதான படுத்திருப்ப. சொல்லு."

அவள் அவனைச் சுருக்கி அழைத்ததும் அன்றுதான் முதல் தடவை.

வாரனும் கேட்டார். "ஹெட்லி ஜேம்ஸ். அப்படி ஒரு நோட்டு இருந்துச்சா?"

ஹெட்லி மேசையின் மரக்கணுவை நகத்தால் சுரண்டினான். அவனுக்கு நாற்பத்தோரு வயது. தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

"டன்னோ."

லெய்மாரா தலையை ஒருமுறை அசைத்தாள். மனப்பாடம் செய்த பாடத்தைச் சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது. அழவில்லை. அதற்காக அவளை நான் மதித்தேன், இப்போதும் மதிக்கிறேன்.

வாரன் தாளை மடித்தார். அதில் காரணம் என்று யார் பெயரையும் எழுதவில்லை. "நான் வியாழக்கிழம வர்றேன்," என்றார். "அது வரைக்கும் யாரும் எங்கயும் போக வேணாம், கிளெம். யாரையும் அனுப்பவும் வேணாம்."

வாசல்வரை அவரை நான் கொண்டுபோய் விட்டேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடியே பேசினார்.

"நோஸ்கே வீட்டுச் சமையலறையிலயும் ஒரு வயர்லெஸ் இருக்கு, வின். ராயோட சம்சாரம் அத அணைக்கறதே இல்ல, எல்லார் பேச்சும் அதுல விழும். நாளைக்கு அவங்க ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்பறாங்க."

"இருக்கட்டும்," என்றேன்.

நான் திரும்பி வந்தபோது லெய்மாரா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்து வரும் நேரம். ஆண்கள் மூவரும் வேறு வேறு கதவு வழியாக வெளியே போயிருந்தார்கள். கழுவாத கோப்பைகள் மேசையில் கிடந்தன. ஏழு வருடத்தில் அவள் அவற்றை அப்படியே விட்டதில்லை.

"லெய்மாரா," என்றேன். "நீயும் ஒரு நாள் பேர் காப்பாத்த வேண்டிய எடத்துல நிப்ப. அப்ப என்னப் புரிஞ்சுக்குவ. ஒக்காரு. பேசலாம்."

அவள் வாசல் வலைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். தான் போவதற்காக அல்ல. எனக்காக.

"நோ வொரீஸ், வின்," என்றாள்.

அத்தை என்று சொல்லவில்லை. என்னை ஓர் அசையால் அழைத்தாள். அவள் நோட்டின் வலப்புறத்தில் இதற்கு என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் பிறந்த வீட்டின் சமையலறையிலிருந்து நான் வெளியே வந்தேன்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. சர்வோவில் நின்று பேசுகிறார்கள், தேவாலய வாசலிலும் பேசுகிறார்கள். நோட்டைத் திருடி எரித்தவன் டார்சி என்றும், ஹெட்லி ஒன்றும் அறியாத அப்பாவி என்றும். இரண்டும் தவறு. அப்படி ஒரு நோட்டு இருந்ததே டார்சிக்கு அன்று பிற்பகல்தான் தெரியும். எரித்தவள் நான். அடுப்பின் மூடியைத் தூக்கிப் பிடித்தவன் ஹெட்லி.